“இது நீதான் என்று எப்படித் தெரியும்?”

அம்மா வீட்டிலேயே கேக் செய்து விற்கிறார். ஆர்டர், செலவு, பாக்கி எல்லாம் ஈசூன் வீட்டுக் கணினியில் உள்ள ஓர் எக்செல் கோப்பில் இருக்கின்றன. நான்தான் அதைத் தொடங்கிக் கொடுத்தேன். பல்கலைக்கழக விடுதிக்கு மாறிய பிறகு, கோப்பில் ஏதாவது கோளாறு என்றால் தொலைபேசியில்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

“எந்த பட்டன்?”

“மேலே, இடது பக்கம்மா.”

“இங்கே அப்படி ஒண்ணும் இல்லையே.”

அரை மணி நேரம் இப்படியே போய்விடும்.

விடுதியிலிருந்தே அந்தக் கணினியை இயக்கினால் என்ன என்று, ஒரு சனிக்கிழமை வீட்டுக்குப் போய் விண்டோசின் ‘ரிமோட் டெஸ்க்டாப்’ வசதியை அமைக்க உட்கார்ந்தேன். பத்து நிமிட வேலை என்று நினைத்தது இரவு பதினொரு மணிவரை இழுத்தது.

முதலில் வரவேற்பறை மடிக்கணினியிலிருந்து அறையில் உள்ள கணினிக்கு முயன்றேன். இணைப்பு கிடைக்கவில்லை. காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கினேன். அணுகப்படும் கணினியில் விண்டோஸ் ப்ரோ இருக்கவேண்டும். ஹோம் பதிப்பில் இந்த வசதி இல்லை. எங்களுடையது ப்ரோதான். ஆனால் கணினி உறக்க நிலைக்குப் போயிருந்தது. எழுப்பினேன். அப்போதும் இணையவில்லை.

முந்தைய வாரம் குறித்துவைத்த 192.168 என்று தொடங்கும் முகவரியை ரௌட்டர் மாற்றியிருந்தது. முகவரிக்குப் பதிலாகக் கணினியின் பெயரைக் கொடுத்தேன். அதையும் மடிக்கணினி கண்டுபிடிக்கவில்லை. வீட்டு வைஃபையை யாரோ ‘பொது’ என்று தேர்வு செய்திருந்தார்கள். அப்படியிருந்தால் கணினி மற்ற கணினிகளின் கண்ணில் படாது. ‘தனிப்பட்டது’ என்று மாற்றியதும் திரை வந்தது.

ஆனால் உள்ளே நுழைய முடியவில்லை. அம்மா தினமும் தட்டும் பின் எண் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்தால்தான் செல்லும். ரிமோட் டெஸ்க்டாப்புக்குக் கணக்கின் கடவுச்சொல் வேண்டும். அது யாருக்கும் நினைவில் இல்லை!

கடவுச்சொல்லை மாற்றிய பிறகு வீட்டுக்குள் எல்லாம் சரியாக இயங்கியது. விடுதியிலிருந்து? 192.168 முகவரி வீட்டுக்கு வெளியே செல்லாது. ரௌட்டரில் 3389 என்ற போர்ட்டைத் திறந்துவிடுவது எளிய வழிபோல் தோன்றும். அது வீட்டுக் கதவைத் தெருவைப் பார்த்துத் திறந்துவைப்பதற்குச் சமம். 2019ல் ‘புளூகீப்’ என்ற குறைபாடு தெரியவந்தபோது, கடவுச்சொல்லே இல்லாமல் பழைய விண்டோஸ் கணினிகளுக்குள் புகமுடியும் என்பதால், ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது.

அதனால் விண்டோசின் ‘குவிக் அசிஸ்ட்’டைத் தேர்ந்தெடுத்தேன். உதவுபவருக்கு ஒரு குறியீடு கிடைக்கும். உதவி கேட்பவர் அதைத் தட்டி அனுமதி தரவேண்டும். பத்து நிமிடங்களில் குறியீடு காலாவதியாகிவிடும். ஹோம் பதிப்பிலும் இது இயங்கும்.

பெருமையோடு அம்மாவிடம் விளக்கினேன். அவர் கேட்டார்: “போன மாசம் ஒருத்தன் ஃபோன் பண்ணான். கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு, நான் சொல்ற நம்பரைத் தட்டுங்கன்னான். அடுப்புல வேலை இருந்ததால வெச்சிட்டேன். நீ சொல்றதும் அதேதானே? இது நீதான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

எனக்குப் பதில் வரவில்லை. நாள் முழுக்க இணைப்பு ஏன் கிடைக்கவில்லை என்றே தேடிய நான், யாருக்குக் கிடைக்கக்கூடாது என்று யோசிக்கவே இல்லை.

இருவரும் சில விதிகள் வைத்துக்கொண்டோம். அழைப்பது எப்போதும் அம்மாதான். நானாக அழைத்துக் குறியீட்டைத் தட்டச் சொல்லமாட்டேன். இணைக்கும்முன் வங்கிப் பக்கங்களை மூடிவிட வேண்டும். வேறு யார் கேட்டாலும் அழைப்பைத் துண்டித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799ஐ அழைக்க வேண்டும்.

அடுத்த வாரம் அம்மா அழைத்தார். கூட்டுத்தொகை தப்பாக வருகிறதாம். குறியீட்டைச் சொன்னேன், தட்டினார். ஐந்து நிமிடத்தில் சூத்திரத்தைத் திருத்தினேன்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதும்மா.”

“சரி, வெளியே போ” என்று சொல்லி, இணைப்பை அவரே துண்டித்தார்.