இரத்தப் பரிசோதனை முடிவை எப்போது நம்பலாம்?

மருத்துவர்களாகிய நாங்கள் எடுக்கும் முடிவுகள் பலவும் ஆய்வக அறிக்கையிலுள்ள எண்களைச் சார்ந்தே அமைகின்றன. இன்சுலின் அளவைக் கூட்டுவதா, சிறுநீரக நோயாளிக்கு உடனடியாக டயாலிசிஸ் தேவையா என்பனவற்றை அந்த எண்களைக் கொண்டே முடிவு செய்கிறோம். எண் பிழையானால் சிகிச்சையும் பிழைபடும். எனவே அந்த எண் எவ்வாறு உருவாகிறது, அதனை யார் சரிபார்க்கிறார்கள் என்பதை நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிந்திருப்பது நன்று.

பதிவு வேறு, தர அங்கீகாரம் வேறு

தமிழ்நாட்டில் ஆய்வகம் நடத்துவோர் 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்ய வேண்டும். இது ஆய்வகம் இயங்குவதற்கான அனுமதி. என்.ஏ.பி.எல். வழங்கும் தர அங்கீகாரமோ ஆய்வகங்கள் தாமாக முன்வந்து பெறுவது. ஐ.எஸ்.ஓ. 15189 என்னும் பன்னாட்டுத் தரநிலையே அதற்கு அளவுகோல். 2003இல் வெளியான இத்தரநிலையின் தற்போதைய பதிப்பு 2022ஆம் ஆண்டினது.

இதற்கென வரும் மதிப்பீட்டாளர்கள் கருவிகளின் பராமரிப்பு, பணியாளர்களின் திறன், அன்றாடத் தரக் கட்டுப்பாட்டுப் பதிவேடுகள் ஆகியவற்றை ஆராய்கின்றனர். வெளித் தர மதிப்பீட்டில் ஆய்வகம் பங்கேற்கிறதா என்றும் பார்க்கின்றனர். ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி, அவை தரும் முடிவுகளை ஒப்பிடுவதே வெளித் தர மதிப்பீடு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி இத்தகைய திட்டத்தை நடத்தி வருகிறது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கீகாரம் ஆய்வகம் முழுவதற்கும் ஒட்டுமொத்தமாக அளிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியே அளிக்கப்படுகிறது. வாயிலில் சின்னம் இருப்பதாலேயே அங்குச் செய்யப்படும் எல்லாப் பரிசோதனைகளும் அதில் அடங்கிவிடா. "எனக்கு எழுதியுள்ள இந்தப் பரிசோதனைக்கு அங்கீகாரம் உண்டா?" என்று நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.

இரத்தம் எடுக்கும் நேரத்திலேயே தொடங்கும் தரம்

கருவி எவ்வளவு நுட்பமானதாயினும், இரத்தம் எடுப்பதில் நேர்ந்த தவறை அதனால் திருத்த இயலாது. ஊதா மூடிக் குழாயில் பொட்டாசியம் கலந்த இ.டி.டி.ஏ. உப்பு உள்ளது. அது சிறிதளவு வேறு குழாயில் கலந்தாலும் பொட்டாசியம் பொய்யாக உயர்ந்தும் கால்சியம் பொய்யாகக் குறைந்தும் தெரியும். இதனால்தான் குழாய்களை நிரப்புவதில் ஒரு வரிசைமுறை பின்பற்றப்படுகிறது.

நீல மூடிக் குழாயில் ஒரு பங்கு மருந்துக்கு ஒன்பது பங்கு இரத்தம் இருக்க வேண்டும். குறைவாக நிரப்பினால் ஐ.என்.ஆர். மதிப்பு பொய்யாக உயரக்கூடும். செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவருக்கு அந்த எண்ணை நம்பி இரத்த உறைவுத் தடுப்பு மருந்தைக் குறைத்தால், வால்வில் இரத்தம் உறையும் அபாயம் நேரிடும்.

ஆகவே இரத்தம் எடுப்பவரின் பயிற்சி இன்றியமையாதது. 2021இல் இயற்றப்பட்ட துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையினருக்கான தேசிய ஆணையச் சட்டம், ஆய்வகத் தொழில்நுட்பர் உள்ளிட்டோரின் கல்வித்தரத்தையும் பெயர்ப் பதிவையும் ஒழுங்குபடுத்த வழிசெய்கிறது. எனினும் ஒருமுறை பெற்ற பட்டயம் மட்டும் போதாது. பணியாளரின் திறனை ஆய்வகம் தொடர்ந்து மதிப்பிட வேண்டும் என்பதும் ஐ.எஸ்.ஓ. தரநிலையின் விதியாகும்.

நீங்கள் செய்யக்கூடியவை

• உங்கள் முழுப் பெயரையும் வயது அல்லது பதிவு எண்ணையும் நீங்களே சொல்லுங்கள். பணியாளர் ஒரு பெயரை வாசிக்கும்போது வெறுமனே தலையசைக்க வேண்டாம். பேச இயலாத நோயாளியின் கைப்பட்டையை உடனிருப்பவர் சரிபார்க்கச் சொல்லலாம்.

• இரத்தம் எடுத்தவுடன், உங்கள் முன்னிலையிலேயே குழாயில் பெயர்ச்சீட்டு ஒட்டப்படுகிறதா என்று பாருங்கள்.

• குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும் கையில் இரத்தம் எடுத்தால் சர்க்கரை அளவு பொய்யாகக் கூடும். ஒரு கையில் டிரிப் ஏறுமாயின் மற்றக் கையைக் காட்டுங்கள்.

• கையை இறுக மூடித் திறந்துகொண்டே இருக்க வேண்டாம். அதனாலும் பொட்டாசியம் உயர்ந்து காட்டும்.

• கடைசியாக உணவருந்திய நேரத்தையும் உட்கொள்ளும் மருந்துகளையும் தெரிவியுங்கள். முடி வளர்ச்சிக்கென உட்கொள்ளும் பயோட்டின் மாத்திரை தைராய்டு பரிசோதனை முடிவைக் குழப்பக்கூடும்.

• வீட்டிற்கு வந்து இரத்தம் எடுப்பவரிடமும் இவற்றையே எதிர்பாருங்கள். மாதிரி எவ்வளவு நேரத்தில், எவ்வகைப் பெட்டியில் ஆய்வகத்தைச் சேரும் என்றும் கேளுங்கள்.

சில வேளைகளில் "மாதிரி சரியில்லை, மீண்டும் இரத்தம் எடுக்க வேண்டும்" என்று ஆய்வகத்திலிருந்து அழைப்பு வரும். இன்னொரு முறை ஊசியா என்ற சலிப்பு இயல்பானதே. ஆயினும், சிதைந்த மாதிரியைச் சோதித்து ஓர் எண்ணை அச்சிட்டுத் தருவதைவிட, அதனை ஏற்க மறுக்கும் ஆய்வகமே உங்களைக் காக்கிறது. அவ்வாறே, நோயாளியின் நிலைக்குச் சற்றும் பொருந்தாத முடிவு வந்தால், அவசரமற்ற சூழலில் நாங்களும் மறுபரிசோதனை செய்த பின்னரே மருந்தை மாற்றுகிறோம்.