பாறையின் மேல் ஒரு மெல்லிய போர்வை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கொலராடோ நதி அறுத்து உருவாக்கிய பெரும் பள்ளத்தாக்கைப் படத்திலேனும் காணாதவர் இன்று அரிது. 446 கிலோமீற்றர் நீளமும், 1,600 மீற்றருக்கு மேற்பட்ட ஆழமும் கொண்ட அப்பாலைநில அதிசயத்தைக் காணச் செல்லும் வசதி நம்மில் மிகச் சிலருக்கே உண்டு. எனினும் உயர்ந்த விளிம்பொன்றில் நின்று பள்ளத்தாக்கைக் கீழ்நோக்கிப் பார்க்கும் அனுபவத்துக்காகக் கடல் கடக்க வேண்டிய அவசியமில்லை. கண்டியிலிருந்து அக்குறணை, மாத்தளை, ரத்தோட்டை வழியாகச் சென்றால் சில மணித்தியாலங்களில் நக்கிள்ஸ் மலைத்தொடரின் ரிவர்ஸ்டன் கணவாயையும், அதற்கு அப்பால் பிட்டவல பத்தனையையும் அடைந்துவிடலாம். பத்தனையின் முடிவில் நிலம் திடீரென அற்றுப்போகிறது. 'சிறிய உலக முடிவு' என அழைக்கப்படும் அவ்விடத்திலிருந்து பார்த்தால், கீழே வயல்களும் சிறு கிராமங்களும் விரிந்து கிடக்கின்றன.

மடக்கிய கையின் விரற்கணுக்களைப் போன்று சிகரங்கள் தோன்றியதால் ஆங்கிலேயர் இம்மலைகளுக்கு நக்கிள்ஸ் எனப் பெயரிட்டனர். சிங்களத்தில் இது தும்பறை மலைத்தொடர். கண்டி, மாத்தளை மாவட்டங்களில் பரந்துள்ள இதன் மிக உயர்ந்த சிகரமான கொம்பனியா 1,906 மீற்றர் உயரமானது. 2010 ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இதனை, சிவனொளிபாத மலை வனப்பகுதி, ஹோர்ட்டன் சமவெளி ஆகியவற்றுடன் சேர்த்து உலக மரபுரிமையாகப் பிரகடனம் செய்தது.

அங்கும் ஆறு அறுக்கின்றது, இங்கும் ஆறு அறுக்கின்றது. இரண்டும் ஏன் ஒன்றுபோல் இல்லை? விடை மழையில் இருக்கின்றது. கொலராடோ நதியின் அடித்தளத்தில் ஆண்டுக்கு 250 மில்லிமீற்றர் மழைகூடப் பெய்வதில்லை. மண் சேர்வது குறைவு, மரங்களும் குறைவு. ஆதலால் நதி வெட்டிய சுவர்கள் கூர்மை மழுங்காமல், அடுக்கடுக்காக நிறம் காட்டி நிற்கின்றன. நக்கிள்ஸின் பல பகுதிகளிலோ ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை கொட்டுகின்றது. வெப்பமும் ஈரமும் சேர்ந்து பாறையை உக்கச் செய்து மண்ணாக்குகின்றன. அம்மண்ணைக் காடு மூடுகின்றது. பாலைநிலப் பள்ளத்தாக்கின் அழகு வெறும் பாறையின் அழகு. நமது மலைகளின் அழகோ பாறையின் மேற்கிடக்கும் போர்வையின் அழகு.

அப்போர்வை எவ்வளவு மெல்லியது என்பதைப் பிட்டவல பத்தனையில் கண்கூடாகக் காணலாம். அங்கே பாறையின் மீது சில அங்குல மண்ணே உள்ளது. அதில் வேர்விட்ட புல், ஓயாத காற்றுக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுத்து வாழ்கின்றது. இம்மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒருவகைத் தவளை, நீர் கசியும் இப்பாறைகளில் வாழ்கின்றது. அதன் தலைப்பிரட்டைகள் குளத்திலன்றி, ஈரமான பாறையின் மேற்பரப்பிலேயே வளர்கின்றன. படம் பிடிப்பதற்காகப் பாதையை விட்டு விலகி நடக்கும் ஒவ்வொரு கூட்டமும் புல்லை மிதித்துப் பாறையை வெளிக்கொணர்கின்றது. ஒருமுறை வெறுமையான இடத்தை அடுத்த மழை மேலும் அரிக்கும். ஏலம் மணக்காத பிரியாணியை நாம் விரும்புவதில்லை. ஆனால் அந்த ஏலச் செய்கைக்காகவும் இங்கு பெருமரங்களின் கீழிருந்த சிறு தாவரங்கள் நெடுங்காலம் வெட்டி அகற்றப்பட்டன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதனைப் புல்லைப் பற்றியும் தவளையைப் பற்றியும் மட்டுமான கவலையெனக் கொள்ளலாகாது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது நாடெங்கும் 600 இற்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். கண்டி மாவட்டமே மிக அதிகமான உயிர்களை இழந்தது. பலரை மண்சரிவுகள் உறக்கத்திலேயே மூடின. சாய்வான பாறையின் மேலிருக்கும் மண் மழைநீரை உறிஞ்சிக் கனக்கும்போது, நீரின் அழுத்தம் மண்ணுக்கும் பாறைக்கும் இடையிலான பிடியைத் தளர்த்துகின்றது. ஆழ வேரூன்றிய மரங்கள் ஓரளவு தாங்கும். சரிவை வெட்டிக் கட்டடமும் வீதியும் அமைத்து, வடிகாலையும் மறித்துவிட்டால் தாங்குவதற்கு எதுவுமில்லை. காட்சிக்காகவே மலைவிளிம்பில் எழும் விடுதிகளைப் பற்றி நாம் அஞ்சுவது இதனாலேயே.

கொலராடோ பள்ளத்தாக்கின் மேல் 2007 இல் அமைக்கப்பட்டது போன்ற கண்ணாடி நடைமேடை இங்கும் வேண்டுமெனச் சிலர் விரும்பக்கூடும். நமக்கு அதில் உடன்பாடில்லை. குறித்த ஒரு நடைபாதை, ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற வரையறை, அடிவாரத்தில் மலசலகூடம், கொண்டுவந்த பொலித்தீனைத் திருப்பிக் கொண்டுசெல்லச் செய்யும் கண்டிப்பு ஆகியவையே போதுமானவை. அபாய அறிவிப்புப் பலகைகள் மூன்று மொழிகளிலும் இருத்தல் வேண்டும். வாசிக்கத் தெரியாத எழுத்தில் உள்ள எச்சரிக்கையால் எவரும் காப்பாற்றப்படுவதில்லை. பெருநாள், தீபாவளி விடுமுறைகளில் குழந்தைகளுடன் அங்கு செல்லும் நம் மக்களின் தொகை குறைவானதல்ல.

செல்ல விரும்புவோர் காலையிலேயே விளிம்பை அடைவது நல்லது; பின்னர் மூடுபனி ஏறிவிட்டால் பள்ளத்தாக்கும் தெரியாது, காலடியும் தெரியாது. மழை நாட்களில் அட்டைக் கடியைவிட வழுக்கும் பாறையே அஞ்சத்தக்கது. புறப்படுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துக்கொள்ளுதல் அவசியம். மஞ்சள் நிறம் விழிப்பாயிருக்கவும், செம்மஞ்சள் வெளியேற ஆயத்தமாகவும், சிவப்பு உடன் வெளியேறவும் சொல்கின்றது. வழியில் நிலத்தில் புதிய வெடிப்பையோ, சாய்ந்த மரங்களையோ, திடீரெனக் கலங்கி வரும் ஊற்றையோ கண்டால் பயணத்தை அவ்விடத்திலேயே நிறுத்தி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம். அம்மலையடியில் வசிக்கும் குடும்பங்களுக்கும் அது உதவும்.