உங்களுக்குத் தெரியுமா? கடலூர்ச் சீமையின் கதை முடிச்சுகள்

★ கடலூர்ப் பக்கத்துச் செம்மங்குப்பத்திலிருந்து தெற்கே சிதம்பரம் போய், அங்கே காட்டுமன்னார்கோயில் பஸ் பிடியுங்கள். உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைப் பெயர் சொல்லி, அவர்களுடைய உறவினர்களின் சொத்தைப் பறிக்க ஆணையிடுகிறது. கொலை எங்கே நடந்தது, எப்படி நடந்தது என்று சொல்லவில்லை. ‘பொன்னியின் செல்வன்’ எழுதிய கல்கிக்கு அது போதுமானதாக இருந்தது. பக்கத்துக் கடம்பூரில் ஒரு மாளிகையை எழுப்பினார். நந்தினியையும் பெரிய பழுவேட்டரையரையும் வந்தியத்தேவனையும் ஒரே இரவில் அங்கே சேர்த்தார். குத்தியது யார் கை என்பதை மட்டும் அடித்துச் சொல்லவில்லை. வாசகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

★ ‘பொன்னியின் செல்வ’னில் அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. சுந்தர சோழருக்குப் பின் அரியணை ஏறியவர் உத்தம சோழர். ராஜராஜன் அவருக்குப் பிறகுதான். கதையிலோ அருள்மொழி, அதாவது பின்னாளைய ராஜராஜன், தானாகவே முடியை விட்டுக்கொடுக்க வேண்டும். யாருக்கு? பேராசை பிடித்து, சதிக்காரர்களோடு சேர்ந்த, செம்பியன் மாதேவியின் மகனாக வளர்ந்த மதுராந்தகனுக்கா? கொடுத்தால் தியாகம் அசட்டுத்தனமாகிவிடும். கொடுக்காவிட்டால் வரலாறு பொய்த்துவிடும். வரலாற்றாசிரியர்களும் ஒருமுகமாக இல்லை: கொலையில் உத்தம சோழர்மேல் நீலகண்ட சாஸ்திரி சந்தேகப்பட்டார், சதாசிவ பண்டாரத்தார் மறுத்தார். கல்கி ஆளையே மாற்றினார். முதல் பாகத்தில் தஞ்சாவூரில் வந்தியத்தேவனுக்கு இடம் கொடுத்த சேந்தன் அமுதன், கோயிலுக்குப் பூத்தொடுக்கும் அந்தப் பிள்ளைதான், செம்பியன் மாதேவியின் உண்மையான மகன்! தமிழ்த் தொடர்கதையில் இதைவிட அழகாக அவிழ்ந்த முடிச்சு எனக்குத் தெரிந்து இல்லை.

★ ‘பொன்னியின் செல்வன்’ 1950-இல் தொடங்கி 1954 வரை ஓடியும், திடீரென்று முடிந்துவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டார்கள். பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று கல்கி தனியே முடிவுரை எழுத வேண்டியதாயிற்று.

★ கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில் 25.4.1906 அன்று பிறந்த புதுமைப்பித்தனின் ‘அன்னை இட்ட தீ’ நாவல் முடியாமலே நின்றது. 1948-இல் அவர் போய்விட்டார். சிறுகதையில் அத்தனை சாதித்தவர் இதையும் முடித்திருந்தால் என்று ஏங்காமல் படிக்க முடியாது.

★ அதே கடலூரின் மஞ்சக்குப்பத்தில் 24.4.1934 அன்று பிறந்தவர் ஜெயகாந்தன். 1966-இல் விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளைத் தாய் தலையில் நீர் வார்த்து ஏற்றுக்கொள்கிறாள். எதிர்ப்பு கிளம்பியது. ஜெயகாந்தன் கதையைத் திருத்தவில்லை. தாய் அப்படிச் செய்யாமல், கூச்சலிட்டு ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆவாள் என்று யோசித்தார். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ பிறந்தது. 1972-இல் சாகித்ய அகாதமி விருதும் வந்தது. இந்த நாவலின் நாயகி கங்கா, அந்தச் சிறுகதையையே பத்திரிகையில் படிக்கிறாள். கதைப்படி அதை எழுதிய ஆர்.கே.வி. நாவலுக்குள் ஒரு பாத்திரமாகவே உலவுகிறார். கங்காவின் கதை அதோடு நிற்கவில்லை, ‘கங்கை எங்கே போகிறாள்’ என்று இன்னொரு நாவலாக நீண்டது.