கப்பலடி வழுக்கல்: உஷார்!

விழிஞ்ஞத்துக்குப் பெரிய கப்பல் வந்தால் எல்லோரும் அண்ணாந்து கன்டெய்னர் அடுக்கைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது தண்ணீருக்குள் கிடக்கும் அதன் அடிவயிற்றை. 2025 மே 2-ல் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டதிலிருந்து, உலகத்தின் எந்தெந்தக் கடலையோ உரசிய இரும்பு நம் சிப்பிப் பாறைகளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

எதைக் கடலில் இறக்கினாலும் சில மணி நேரத்தில் பாக்டீரியா ஒட்டும். ஒட்டியதும் பசையைச் சுரந்து, அதற்குள் கூட்டமாகக் குடியேறிவிடும். விஞ்ஞானிகளுக்கு அது உயிர்ப்படலம்; வள்ளக்காரர்களுக்கு வெறும் வழுக்கல். அந்த வழுக்கல் படிந்த இடம் பார்த்துத்தான் சிப்பிக் குஞ்சும் கொட்டலசும் வந்து உட்காருகின்றன. கப்பலின் அடிப்பாகத்தில் பாதியளவுக்கு, அரை மில்லிமீட்டர் வழுக்கல் படிந்தாலே புகை 20 சதவீதத்துக்கும் மேல் கூடலாம் என்கிறது சர்வதேசக் கடல்சார் அமைப்பு. எண்ணெய்ச் செலவு முதலாளியின் கவலை. நம் கவலை, கூடவே வரும் விருந்தாளி.

அஷ்டமுடிக் காயல்காரர்களைக் கேளுங்கள். தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த சின்னக் கறுப்புச் சிப்பி அங்கே கொத்துக் கொத்தாய்ப் படர்ந்து, உள்ளூர்க் கக்காவை நெருக்குகிறது. ‘வரத்தன் கக்கா’ (வந்தேறிக் கக்கா) என்று பெயரே வைத்துவிட்டார்கள். எண்ணூர், பழவேற்காட்டில் அதற்குப் பெயர் காக்கா ஆழி. சேற்றின்மேல் பாய் விரித்ததுபோல் மூடிக்கொள்வதால் இறால் பாடு போச்சு என்று மீனவர்கள் புலம்புகிறார்கள். கப்பலோடு வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் சந்தேகம். உவர்நீர்தான் அதற்குப் பிடித்த இடம். ஆகவே விழிஞ்ஞம் பாறையைவிட, தெற்கே பூவாறு பொழிக்கும், எல்லை தாண்டித் தேங்காப்பட்டணத்துக்கும்தான் எனக்குப் பயம் அதிகம்.

சரி, விஷ பெயிண்ட் அடித்துவிட்டால்? அடித்துப் பார்த்தார்கள். வெள்ளீயம் கலந்த டிபிடி பெயிண்டால் பிரான்ஸின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் ஆளி ஓடுகள் கோணிப்போயின. பல கடல்களில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. 2008-ல்தான் உலகத் தடை அமலுக்கு வந்தது. இப்போது பெரும்பாலும் செம்பு. செம்பும் கரைந்து கடலில்தான் இறங்குகிறது.

ஆய்வுக்கூடங்களில் வேறொரு தந்திரம் நடக்கிறது: உலோகச் சேர்மத்துக்குச் சர்க்கரைப் போர்வை. பாக்டீரியா ஒட்டுவதற்கு லெக்டின் என்ற புரதத்தைக் கையாக நீட்டும். சூடோமோனாஸ் என்ற கிருமியின் ஒரு கை கேலக்டோஸைப் பிடிக்கும், இன்னொன்று ஃபியூக்கோஸை. அந்தச் சர்க்கரைகளை உலோகத்தைச் சுற்றிக் கட்டி நீட்டினால், கை அதிலே மாட்டிக்கொள்ளும், கூட்டம் கூடாது. அருமையான யோசனை. ஆனால் முதலில் மனதில் வைத்திருப்பது மருத்துவமனைக் குழாய்களை; அதுவும் இன்னும் சோதனையில்தான். நாளைக்கு யாராவது “சர்க்கரை பூசிய நானோ பெயிண்ட், கடலுக்கு ஒன்றும் ஆகாது” என்று டப்பாவோடு வந்தால் வாங்கிவிடாதீர்கள். போர்வை கரைந்தாலும் உலோகம் உலோகம்தான். நம் சிப்பிக் குஞ்சுக்கும் பாறையில் வழுக்கல் வேண்டும் என்பதை மறக்கவேண்டாம்.

துறைமுகக்காரர்கள் ஒன்று செய்யட்டும்: சுரண்டியதைச் சேகரிக்கும் வசதி இல்லாமல் தண்ணீருக்கடியில் கப்பலடி சுரண்ட யாருக்கும் அனுமதி தரக்கூடாது. சிப்பி எடுக்க மூழ்கும் தம்பிகளே, இதுவரை பார்க்காத கறுப்புக் கொத்து கண்ணில் பட்டால் கடலில் திருப்பி எறியாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு, விழிஞ்ஞத்திலேயே இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.