மூளைக் கட்டி: பெயர் மட்டும் போதாது, மரபணுவையும் கேளுங்கள்

மூளையில் கட்டி என்று ஸ்கேன் சொன்னதும் குடும்பத்தார் மனதில் எழும் முதல் கேள்வி, "இன்னும் எத்தனை நாள்?" என்பதுதான். அறுவை சிகிச்சை முடிந்து பயாப்சி முடிவு வந்ததும், அதிலுள்ள பெயரைக் கைப்பேசியில் தேடி, கண்ணில் படும் முதல் எண்ணையே தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. கட்டியின் மரபணு விவரம் தெரியாதவரை அந்த எண்ணை நம்ப முடியாது.

முன்பு மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் கட்டிக்குப் பெயர் வைத்தார்கள். 2016-இல் உலக சுகாதார நிறுவனம் மரபணு மாற்றங்களையும் சேர்த்தே பெயரிட வேண்டும் என்றது. 2021-இல் வந்த ஐந்தாம் பதிப்பு அதை இன்னும் கறாராக்கியது. பார்வைக்குச் சாதுவாகத் தெரியும் கட்டி, மரபணுச் சோதனையில் மிகத் தீவிரமான நான்காம் நிலை கிளையோபிளாஸ்டோமா என்று தெரியவருவதும் உண்டு.

மூளையின் துணைச் செல்களைச் சார்ந்து பெரியவர்களுக்கு வரும் கிளையோமா கட்டிகளில் மூன்று அடையாளங்கள் முக்கியம்.

முதலாவது ஐ.டி.எச். மரபணுவில் ஏற்படும் மாற்றம். அன்று கிளையோபிளாஸ்டோமா என்று அழைக்கப்பட்ட கட்டிகளை ஆராய்ந்து 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இந்த மாற்றம் இருந்தவர்களின் இடைநிலை ஆயுள் 31 மாதம். இல்லாதவர்களுக்கு 15 மாதம். மாற்றம் இருந்தால் இன்று அந்தக் கட்டிக்குக் கிளையோபிளாஸ்டோமா என்ற பெயரே கிடையாது.

இரண்டாவது, 1-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையும் 19-ஆம் குரோமோசோமின் நீளக் கையும் சேர்ந்து இழக்கப்பட்டிருப்பது. ஒலிகோடென்ட்ரோகிளையோமாவின் அடையாளம் இது. 2013-இல் வெளியான ஆய்வில், இவ்வகை மூன்றாம் நிலைக் கட்டி உள்ளவர்களில் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 7.3 ஆண்டு, கீமோவும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.7 ஆண்டு.

மூன்றாவது எம்.ஜி.எம்.டி. மரபணு. கீமோ மருந்தான டெமோசோலமைடு மாத்திரை கட்டியின் டி.என்.ஏ.வைச் சிதைக்கும், இந்த மரபணு அதைப் பழுது பார்த்துவிடும். மரபணு வாயடைத்துக் கிடந்தால் மருந்து நன்றாக வேலை செய்யும். 2005 ஆய்வில் அப்படிப்பட்டவர்களுக்குக் கதிர்வீச்சு மட்டும் தந்தபோது இடைநிலை ஆயுள் 15.3 மாதம், மாத்திரையும் தந்தபோது 21.7 மாதம். மரபணு விழித்திருந்தவர்களுக்கு அது 11.8 மாதம், 12.7 மாதம்.

இந்த எண்கள் எல்லாம் நடுக்கோடுகள்தான். பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார்கள்.

சிகிச்சையும் மாறி வருகிறது. ஐ.டி.எச். மாற்றமுள்ள இரண்டாம் நிலைக் கட்டிகளுக்கான வோராசிடெனிப் மாத்திரைக்கு அமெரிக்கா 2024 ஆகஸ்டில் அனுமதி தந்தது. 331 பேர் பங்கேற்ற சோதனையில், கட்டி மேலும் வளராமல் இருந்த காலம் 11.1 மாதத்திலிருந்து 27.7 மாதமாகக் கூடியது.

மரபணு என்ற சொல்லைக் கேட்டதும் "பிள்ளைகளுக்கும் வருமா?" என்ற பயம் வரும். பெரும்பாலும் இந்த மாற்றங்கள் கட்டியின் செல்களில் மட்டும் உண்டானவை. பரம்பரையாக வருபவை அல்ல. லி-ஃப்ராமெனி, நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் போன்ற சில குடும்பக் கோளாறுகள் மட்டும் விதிவிலக்கு. குடும்பத்தில் பலருக்குப் புற்றுநோய் இருந்தால் மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.

மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: ஐ.டி.எச். பார்த்தாயிற்றா? கட்டித் திசுவில் செய்யும் சாயச் சோதனையில் மாற்றம் 'இல்லை' என்று வந்து, நோயாளிக்கு 55 வயதுக்குக் குறைவாக இருந்தால், மரபணு வரிசையும் பார்க்க வேண்டுமா? எங்கள் சிகிச்சையை எந்தச் சோதனை மாற்றும்? கடைசிக் கேள்வி, தேவையில்லாத விலையுயர்ந்த சோதனைகளிலிருந்தும் காக்கும்.

கேட்பது உங்கள் உரிமை. 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையம் உருவாக்கிய நோயாளிகள் உரிமைச் சாசனம், வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெறும் உரிமையையும் சொல்கிறது. ஆவணங்களைத் தர மறுத்தால் முதலில் மருத்துவமனை நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். பிறகு மாநில மருத்துவ கவுன்சிலை அணுகலாம். கட்டணம் செலுத்திய சிகிச்சையில் குறைபாடு என்றால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

அறுவையில் எடுத்த கட்டி மெழுகில் பதித்த 'பிளாக்'காக லேபில் இருக்கும். அது இருந்தால், இன்னொரு அறுவை இல்லாமலே வேறு ஊரிலும் சோதனை செய்துகொள்ள வாய்ப்புண்டு. டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே பிளாக் எங்கே இருக்கிறது, அதை எப்படிப் பெறுவது என்று கேட்டு, முழு பயாப்சி ரிப்போர்ட்டையும் கையோடு வாங்கி வையுங்கள்.