முதலில் ஓடட்டும், பிறகு உட்காரட்டும்

டீயை ஆற்றிக் குடியுங்கள், அவசரமில்லை. பையன் சோபாக் கைப்பிடியில் ஏறிக் குதிக்கிறானே என்று கூசிப்போக வேண்டாம். அது பழைய சோபா. எங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் எல்லாரும் அதில் குதித்துத்தான் வளர்ந்தார்கள். "ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேங்கிறான் டீச்சர். கால்ல சக்கரம் கட்டிவிட்ட மாதிரி சுத்திக்கிட்டே இருக்கான். அடிச்சும் பார்த்தாச்சு, கெஞ்சியும் பார்த்தாச்சு" என்றீர்கள். பாலர் வகுப்பிலேயே காலம் தள்ளிய எனக்கு இந்தப் புலம்பல் மனப்பாடம். 'அறுந்த வால்' என்று ஊரெல்லாம் பெயர் வாங்கிய பிள்ளைகளோடுதான் நான் அதிகம் பழகியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: நாலு வயதில் அடங்கி உட்காருவது சைக்கிள் ஓட்டுகிற மாதிரி. பழகித்தான் வர வேண்டும். அதட்டி யாருக்கும் சைக்கிள் வந்ததில்லை.

காரணம் நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. கை நீளும்போதே 'வேண்டாம், நில்' என்று ஒன்று உள்ளிருந்து தடுக்கிறதே, அந்த வேலையைப் பெரும்பாலும் பார்ப்பது மூளையின் முன்பகுதி. ஓட, குதிக்க, தாவ உதவும் பகுதிகள் சீக்கிரமே தயாராகிவிடுகின்றன. இது மட்டும் ஆடி அசைந்து, 25 வயதை ஒட்டித்தான் முழுசாக முதிர்கிறது. உங்கள் பையனுக்கு நாலு. நீங்கள் சொல்வது அவன் காதில் விழத்தான் செய்கிறது. அதற்குள் உடம்பு குதித்து முடித்துவிடுகிறது. 'வேணும்னே பண்றான்' என்று நினைத்தால் நமக்குக் கோபம் வரும். 'இன்னும் இவனுக்கு வரவில்லை' என்று நினைத்தால் சொல்லிக்கொடுக்கத் தோன்றும். இந்த இடத்தில் பெற்றவர்கள் மனசு கொஞ்சம் திரும்பினால் பாதி வேலை முடிந்தது.

முதலில் ஓடவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடம்பை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்கிறது அது. உங்கள் பையனின் நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வேனில் உட்கார்ந்து போகிறான், வகுப்பில் உட்காருகிறான், வேனில் உட்கார்ந்து வருகிறான். வீட்டுக்கு வந்தால் மூன்றாவது மாடி. தடதடவென்று ஓடினால் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார் என்று அங்கேயும் உட்காரவைக்கிறோம். இத்தனை பேர் உட்காரச் சொன்ன பிறகு, ராத்திரி ஒன்பது மணிக்கு அவன் கட்டிலில் ஏறிக் குதிக்காமல் என்ன செய்வான்? பூங்காவோ கடற்கரை மணலோ தெருமுனையோ, தினமும் ஒரு மணி நேரம் வெளியே வேண்டும். எழுதப்படிக்க உட்காரவைப்பது அதற்குப் பிறகுதான்.

மழைக்காலத்தில் வெளியே போக முடியாதே என்பீர்கள். கனமான வேலை கொடுங்கள். இரண்டு கிலோ அரிசிப் பையைச் சமையலறையிலிருந்து கூடத்துக்குத் தூக்கி வரட்டும். ஈரத்துண்டைப் பிழியட்டும், தரையைத் துடைக்கட்டும், 'இந்தச் சுவரை நகர்த்து பார்க்கலாம்' என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளுவான். ஆக்குபேஷனல் தெரபி பார்ப்பவர்கள் இந்த மாதிரி இழுத்து, தள்ளி, சுமக்கும் வேலைகளைக் கொடுப்பதுண்டு. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி பலிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அம்மாவுக்கு உதவி செய்தோம் என்ற பெருமை அவன் முகத்தில் தெரியும், அதற்காகவே செய்யலாம்.

இனி முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். ஓடப் பழக்க வேண்டியதில்லை, அது தானாக வரும். நிற்கத்தான் பழக்க வேண்டும், அதையும் விளையாட்டில்தான் பழக்க முடியும். நாம் சின்ன வயதில் ஆடிய 'கல்லா மண்ணா'வை நினைத்துப் பாருங்கள். பிடிக்கிறவர் 'மண்' என்று சொல்லிவிட்டால் மண் அவருடையது. மற்றவர்கள் கல்லில் ஏறி நிற்க வேண்டும். சும்மா நிற்பார்களா? இறங்கிப் போய்ச் சீண்டிவிட்டு, பிடிபடுவதற்குள் தாவி ஏறுவார்கள். குரலைக் கவனிக்க வேண்டும், விதியை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், ஆசையாக இருந்தாலும் காலை அடக்க வேண்டும். மூளையின் முன்பகுதிக்கு இதைவிட நல்ல பாடம் எந்த ஆப்பிலும் கிடையாது. 'ஸ்டாச்சு' விளையாட்டும் இதே வகைதான். பாட்டைப் போட்டு ஆடவிடுங்கள். பாட்டை நிறுத்தினால் சிலையாக நிற்க வேண்டும்.

நாலு வயதுக்காரனுக்கு எளிதாக ஆரம்பியுங்கள். 'கல்' என்றால் பாயில் ஏறு, 'மண்' என்றால் இறங்கு. அது கைவந்ததும் விதியைத் தலைகீழாக்குங்கள்: 'கல்' என்றால் இறங்கு, 'மண்' என்றால் ஏறு. அந்த முதல் நிமிடம் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு கால் தூக்கியபடி நிற்கும், உதடு ஏதோ முணுமுணுக்கும், கண் உங்கள் வாயையே பார்க்கும். அந்தத் தயக்கத்தில்தான் அவன் தன்னைத் தானே பிடித்து நிறுத்தப் பழகுகிறான். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஆய்வாளர்கள் இதே மாதிரி நில்-போ விளையாட்டுகளையும், விதி மாற்றி ஆடும் விளையாட்டுகளையும் பாலர் பள்ளியில் ஆடவைத்துப் பார்த்து 2011-ல் வெளியிட்டார்கள். தொடக்கத்தில் தன்னைக் கட்டுப்படுத்த மிகவும் சிரமப்பட்ட பிள்ளைகளிடம்தான் முன்னேற்றம் தெரிந்தது.

கற்பனைக்கும் இதில் பங்கு உண்டு. மனுய்லென்கோ என்ற சோவியத் உளவியலாளர் 1948-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாலர் வயதுப் பிள்ளைகளை அசையாமல் நிற்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் நெளிய ஆரம்பித்துவிட்டார்கள். அதே பிள்ளைகளிடம் 'நீ காவலாளி, காவல் காக்கிறாய்' என்று ஒரு வேடத்தைக் கொடுத்ததும் வெகுநேரம் நின்றார்கள். நீங்களும் 'ஆட்டம் போடாம உட்காரு' என்பதை விட்டுவிட்டு, 'கொக்கு மீனுக்குக் காத்திருக்கு, நீதான் கொக்கு' என்று சொல்லிப் பாருங்கள். டாக்டர் வீட்டு வரிசையில் இது எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

இந்த விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு பழைய தொடர்பும் உண்டு. இத்தாலியைச் சேர்ந்த கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-ல் தியோசாபிகல் சொசைட்டியின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்தார். உலகப் போர் காரணமாகத் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். அதில் கொஞ்ச காலம் கொடைக்கானலில். அவர் 1907-ல் ரோம் நகரத்தின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் முதல் பள்ளியைத் தொடங்கியபோதே கண்டுபிடித்த விளையாட்டு 'மௌன விளையாட்டு'. பிள்ளைகள் எல்லாரும் சத்தமில்லாமல் உட்காருவார்கள். அவர் பக்கத்து அறைக்குள் போய், ஒவ்வொரு பெயராகக் கிசுகிசுப்பார். பெயர் கேட்ட பிள்ளை எழுந்து, நாற்காலி இடிபடாமல், பூனைநடை நடந்து அவரிடம் போக வேண்டும். இவ்வளவு பாடுபட்டவர்களுக்குப் பரிசாக மிட்டாய் நீட்டினாராம். பிள்ளைகள் வேண்டாம் என்றுவிட்டார்களாம். வீட்டில் ஒரு பிள்ளையை வைத்தும் இதை ஆடலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, 'இப்ப என்னென்ன சத்தம் கேட்குது?' என்று காதோடு கேளுங்கள். காக்கா, குக்கர், எங்கோ ஒரு ஆட்டோ.

கவனம் பற்றியும் மாண்டிசோரி ஒன்று எழுதியிருக்கிறார். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளைக் குழிகளில் பொருத்தி, எடுத்து, மறுபடி பொருத்திக்கொண்டிருந்தாள். அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். மற்ற பிள்ளைகளைச் சுற்றிலும் பாடச் சொன்னார். அவள் நிமிரவே இல்லை, நாற்பது தடவைக்குமேல் செய்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். உங்கள் பையனிடமும் இது இருக்கிறது, நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். நேற்று சமையலறையில் டம்ளரிலிருந்து டபராவுக்கும் டபராவிலிருந்து டம்ளருக்கும் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தான் என்று சொன்னீர்களே, நாக்கை உதட்டோரம் துருத்திக்கொண்டு! அதுதான் கவனம். நீங்கள் என்ன செய்தீர்கள்? "தண்ணியில விளையாடாதே, வா சாப்பிட" என்று இழுத்துக்கொண்டு வந்தீர்கள். 'கவனமே இல்லை' என்று நாம் குறைபடும் பிள்ளைகளின் கவனத்தை நாளுக்குப் பத்துத் தடவை கலைப்பது நாம்தான். பட்டாணி உரிப்பது, வேர்க்கடலைத் தோல் நீக்குவது, சாக்பீசால் புள்ளி வைத்துக் கோலம் இழுப்பது, பூரி மாவை உருட்டுவது எல்லாமே நல்ல வேலைகள். கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். 'சூப்பர்டா' என்று நடுவில் பாராட்டுவதுகூடத் தொந்தரவுதான்.

சொல்கிற விதத்திலும் கொஞ்சம் மாற்றம் வேண்டும். அடுப்படியிலிருந்து கத்தாதீர்கள். பக்கத்தில் போய், குனிந்து, தோளைத் தொட்டு, ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். 'ஓடாதே' என்பதைவிட 'என் கையைப் பிடிச்சு நடந்து வா' என்பது அவனுக்குப் புரியும். 'அஞ்சு நிமிஷத்துல கிளம்பணும்' என்றால் அவனுக்கு அஞ்சு நிமிஷம் எவ்வளவு என்று தெரியாது. 'இன்னும் ரெண்டு சறுக்கு, அப்புறம் வீடு' என்றால் தெரியும்.

தலைகால் புரியாமல் கத்திப் புரளும் நேரம் ஒன்று வருமே, அப்போது எந்தப் புத்திமதியும் ஏறாது. நீங்கள் தரையில் உட்காருங்கள், குரலைத் தாழ்த்துங்கள். அணைக்கவிட்டால் அணைத்துக்கொள்ளுங்கள், விடாவிட்டால் பக்கத்தில் இருங்கள். 'ரெண்டு போட்டா அடங்கிடும்' என்கிறார் உங்கள் மாமியார். அடங்கும், பயத்தில். பயந்த பிள்ளைக்கு உள்ளே படபடப்பு ஏறிக்கொண்டுதான் இருக்கும். மூச்சு நிதானமானால் உடம்பும் நிதானமாகும்; ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு வயதை ஒட்டிய குழந்தைகளை ஒரு நிமிடம் மெதுவாக மூச்சுவிட வைத்து அளந்து பார்த்து 2021-ல் இதை எழுதினார்கள். நாலு வயதுக்காரனிடம் 'மூச்சை இழுத்து விடு' என்றால் இழுத்துப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். அவனிடம் சூடான பாலை நீட்டி ஊதி ஆற்றச் சொல்லுங்கள். சோப்புக் குமிழி ஊதுவதும் காகிதக் காற்றாடி ஊதுவதும் அதே மூச்சுதான்.

சர்க்கரை சாப்பிட்டால் துள்ளுகிறான் என்பது உலகம் முழுக்க உள்ள நம்பிக்கை. 1995-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அப்படி எதுவும் தெரியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னொன்று இன்னும் வேடிக்கை: சர்க்கரையே இல்லாத பானத்தைக் கொடுத்துவிட்டு 'சர்க்கரை கொடுத்தோம்' என்று அம்மாக்களிடம் சொன்னார்கள், அந்த அம்மாக்கள் தங்கள் பிள்ளை அதிகம் ஆட்டம் போட்டதாக எழுதிக்கொடுத்தார்கள். பல் சொத்தைக்காகச் சர்க்கரையைக் குறையுங்கள், போதும். கைபேசி விஷயம் நீங்களே அறிந்தது: கையில் இருக்கும்வரை அமைதி, பிடுங்கினால் ரகளை. இந்த வயதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று அதே 2019 வழிகாட்டி சொல்கிறது. தூக்கம் 10 முதல் 13 மணி நேரம், பகல் தூக்கமும் சேர்த்து. சீரியல் முடிந்து பதினொரு மணிக்குப் படுத்து ஆறரைக்கு எழும் பிள்ளைக்கு இது எங்கே கிடைக்கும்? தூக்கம் போதாவிட்டால் பெரியவர்கள் சோர்ந்து விழுவோம். சின்னப் பிள்ளைகள் இன்னும் அதிகமாகத் துள்ளுவார்கள்.

'ஏ.டி.ஹெச்.டி.யா இருக்குமோ' என்று மெதுவாகக் கேட்டீர்கள். கேட்டது நல்லது. கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த கோளாறு அது. வீட்டில் மட்டும், அல்லது பள்ளியில் மட்டும் என்றில்லாமல் இரண்டு இடத்திலும், ஆறு மாதத்துக்கு மேலாக, வயதுக்குப் பொருந்தாத அளவில், அவனுடைய பேச்சையும் பழக்கத்தையும் கெடுக்கிற மாதிரி இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். குறட்டை விடுகிறானா, காது சரியாகக் கேட்கிறதா, ரத்தசோகை இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். இவையும் பிள்ளையைப் பரபரப்பாகவோ கவனமில்லாமலோ காட்டும். நோய் என்றே ஆனாலும் இந்த வயதில் மருந்துக்கு முன்னால் பெற்றோருக்குப் பயிற்சி கொடுப்பதுதான் முதல் படி. இன்னொன்று: வகுப்பில் அவன்தானே வயதில் சின்னவன்? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சுமார் 9 லட்சம் பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்து 2012-ல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே டிசம்பர் 31 தான் பள்ளிச் சேர்க்கையின் கடைசித் தேதி. டிசம்பரில் பிறந்த பையன்கள், ஜனவரியில் பிறந்த பையன்களைவிட 30 சதவீதம் அதிகமாக இந்த நோய்ப்பெயர் வாங்கியிருந்தார்கள். சிறுமிகளில் 70 சதவீதம். கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தவர்களோடு உட்காரவைத்துவிட்டு, அவர்களைப் போல் இல்லையே என்று குறை சொன்னதன் விளைவு.

கடைசியாக ஒரு வேலை உங்களுக்கு. எல்.கே.ஜி. வகுப்பில் ஆட்டம் போட்டதற்காக இடைவேளையில் அவனை வெளியே விடாமல் உட்காரவைத்தார்கள் என்றீர்கள். ஓடினால்தான் அடங்குகிற பிள்ளைக்கு ஓட்டத்தையே பிடுங்குவது தண்டனையாகக்கூட உருப்படாது. இடைவேளையைத் தண்டனைக்காகவோ படிப்புக்காகவோ பறிக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி 2013-லேயே சொல்லிவிட்டது. சண்டை போடாதீர்கள், அந்த மிஸ்ஸுக்கும் முப்பது பிள்ளைகள். நாளை நேரில் போய், "வேறு எது வேணும்னாலும் செய்யுங்க மிஸ், இன்டர்வெலுக்கு மட்டும் இவனை வெளியே விட்டுடுங்க" என்று தன்மையாகக் கேட்டுவிட்டு வாருங்கள்.