தூரமும் நேரமும்

இரண்டு நகரங்களுக்கிடையே உள்ள தூரம் வேறு. அதனைக் கடக்கச் செல்லும் நேரம் வேறு. இவ்வுண்மையைப் புளியங்கூடல் மக்கள் நன்கறிவர்.

பலாலி விமான நிலையம் வட அகலக்கோடு 9 பாகை 47 கலையில் உள்ளது. சென்னை விமான நிலையம் 12 பாகை 59 கலையில் உள்ளது. இரண்டும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில் அமைந்தவை. ஆகவே தூரத்தைக் கணிப்பது பள்ளிச் சிறுவனுக்கும் எளிது. வித்தியாசம் 3 பாகை 12 கலை. அதாவது 192 கலை. அகலக்கோட்டில் ஒரு கலை ஒரு கடல் மைலாகும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர். எனவே தூரம் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். இலண்டனுக்கும் பாரிசுக்கும் இடைப்பட்ட ஆகாயத் தூரமும் ஏறக்குறைய இவ்வளவே.

மணிக்கு 500 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் சிறு விமானம் இதனை 43 நிமிடத்திற் கடக்கவேண்டும். ஆயினும் கால அட்டவணை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குறிப்பதேன்? விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவேண்டும், மேலேறும்போதும் இறங்கும்போதும் அது முழு வேகத்திற் செல்வதில்லை, எதிர்காற்றும் தடுக்கும். கடிகாரமும் சிலவேளை ஏமாற்றும். இலண்டனிலிருந்து பாரிசு செல்பவர் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளவேண்டும். பலாலிக்கும் சென்னைக்கும் அத்தொல்லை இல்லை. இரு நாடுகளின் நேரமும் 2006 முதல் ஒன்றே.

எயர் சிலோன் நிறுவனத்தின் முதற்சேவை 1947 டிசம்பர் 10ஆம் நாள் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்றது. பலாலி ஏறத்தாழ நடுவழி. அங்கிருந்து இரத்மலானை சுமார் 330 கிலோமீற்றர். பின்னர் போர் அவ்வழியை அடைத்தது. தீவகத்தவர் சென்னை செல்ல முதலிற் தெற்கே கொழும்புக்கு இறங்கி, கட்டுநாயக்காவில் விமானமேறி, மீண்டும் வடக்கே பறக்கவேண்டியதாயிற்று. 355 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள நகரை அடைய ஏறத்தாழ ஆயிரம் கிலோமீற்றர் பயணம்! மருத்துவத்துக்காகச் செல்லும் முதியவருக்கும், பேரப்பிள்ளையைக் காணச் செல்லும் பாட்டிக்கும் அச்சுற்று எத்துணைச் சுமை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

2019 ஒக்டோபர் 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரிற் சென்னைச் சேவை தொடங்கிற்று. 2020இல் கொரோனாத் தொற்றால் நின்ற அச்சேவை, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது.

இன்றும் புளியங்கூடலார் பண்ணைப் பாலம் கடந்து, யாழ்ப்பாணம் தாண்டி, பலாலியிற் பரிசோதனைகளுக்காகக் காத்திருக்கவேண்டும். பறக்கும் நேரத்தினும் அந்நேரம் மிகுதி. ஆயினும் காலையிற் புறப்பட்டவர் அன்றே சென்னையை அடையலாம். தூரம் அன்றும் இன்றும் 355 கிலோமீற்றரே. வழி திறந்ததால் நேரம் சுருங்கியது.